ஊசியில் கரைப்பதா, குழாய் விட்டு இழுப்பதா?

2013 பிப்ரவரியில் ஹவாயின் ஹொனலுலு நகரில் சர்வதேச பக்கவாத (ஸ்ட்ரோக்) மாநாடு நடந்தது. அங்கே ஒன்றல்ல, மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வந்தன. மூளை ரத்தக் குழாயில் அடைத்துக்கொண்ட ரத்தக் கட்டியை மெல்லிய குழாய் விட்டு எடுப்பது, கரைக்கும் ஊசியை மட்டும் போடுவதைவிட மேலானதா என்பதுதான் கேள்வி. மூன்றும் சொன்ன பதில், இல்லை. ஐ.எம்.எஸ். 3 என்ற ஆய்வில் 656 பேர். குழாய் வழிச் சிகிச்சையும் பெற்றவர்களில் 40.8 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தம் வேலையைத் தாமே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். ஊசி மட்டும் போட்டவர்களில் 38.7 சதவீதம். தொடர்ந்து நடத்திப் பயனில்லை என்று அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். இத்தாலியின் சிந்தசிஸ் ஆய்வில் ஊசிக் குழுவே எண்ணிக்கையில் கொஞ்சம் முன்னால் நின்றது.

பத்தாண்டு உழைப்பும் ஏராளமான பணமும் போன ஒரு சிகிச்சைக்கு இது கிட்டத்தட்ட இறுதிச் சடங்கு. ஆனால் அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஐந்து ஆய்வுகள் வரிசையாக வந்து நேர் எதிராகச் சொல்லிவிட்டன. இன்று உலகம் முழுக்க வழிகாட்டு நெறிகள் அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. அதே மூளை, அதே நோய், ஏறக்குறைய அதே சிகிச்சை. மாறியது எது என்று பார்த்தால், "ஊசியா, குழாயா, எது நல்லது?" என்று மருத்துவமனை வாசலில் குடும்பங்கள் கேட்கும் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் ஊசி. பக்கவாதத்தில் இரண்டு வகை. ரத்தக் குழாய் வெடித்துக் கசிவது ஒன்று, குழாய் அடைபடுவது இன்னொன்று. பெரும்பாலானவை அடைப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும். எந்த வகை என்று சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். மாரடைப்புக்குச் சொன்ன யோசனையை இங்கே கொண்டுவந்தால், கசிவு வகையாக இருக்கும்பட்சத்தில் அது எரிகிற தீயில் எண்ணெய்தான்.

அடைப்பு வகை என்றால், நம் உடம்பே கட்டிகளைக் கரைப்பதற்கு வைத்திருக்கும் ஒரு புரதம் உதவிக்கு வருகிறது. அதைச் சுருக்கமாக டி.பி.ஏ. என்பார்கள். ஆய்வகத்தில் தயாரித்த வடிவத்துக்கு ஆல்டெப்ளேஸ் என்று பெயர். ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற பொருளை இது பிளாஸ்மின் ஆக மாற்றிவிடும். கட்டியைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை பிளாஸ்மின் அறுக்கும். 1995 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு (என்.ஐ.என்.டி.எஸ். என்று அதற்குப் பெயர், 624 நோயாளிகள்) இந்த மருந்தைப் பக்கவாதம் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் என்ன நடக்கும் என்று காட்டியது. மூன்று மாதம் கழித்து, ஊனம் இல்லாமல் அல்லது இருந்தும் பாதிக்காமல் இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 39 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 26 சதவீதம். 1996ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2008ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்தக் கெடுவை நாலரை மணி நேரம் வரை நீட்டியது.

இந்த ஊசி போடுவது சாதாரண ஊசி போடுவதுபோல் இல்லை. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் என்று கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 5.4 மில்லிகிராமை, ஒரு நிமிடத்தில் நரம்பில் செலுத்துவார்கள். மிச்சம் 48.6 மில்லிகிராம் பம்ப் வழியாக ஒரு மணி நேரம் சொட்டும். மருந்து ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்காது என்பதால் இப்படிச் சொட்டவிட்டாக வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முழுக்க செவிலியர் ஒருவர் பக்கத்திலேயே நின்று ரத்த அழுத்தம் பார்ப்பார், கையைத் தூக்கச் சொல்வார், பேசச் சொல்வார். திடீர் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் உடனே சொட்டை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்கேன். ஏனென்றால் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நல்ல இடம், கெட்ட இடம் தெரியாது. அந்த 1995 ஆய்விலேயே மருந்து போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு நிலையை மோசமாக்கும் அளவு மூளையில் கசிவு ஏற்பட்டது, போடாதவர்களில் 0.6 சதவீதம். இருந்தும் மொத்தக் கணக்கில் மருந்துதான் ஜெயித்தது.

அபாயம் தெரிந்த மருந்து என்பதால் எல்லோருக்கும் போட முடியாது. அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தால், முன்பு மூளையில் கசிவு வந்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்க வீரியமான மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மிகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கிடையாது. ரத்த அழுத்தம் 185/110க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது மருந்தின் குறையில்லை, கட்டியின் குணம். மருந்து ரத்தத்தோடுதான் வருகிறது. ரத்தமே ஓடாத இடத்தில் அது கட்டியின் முகப்பை மட்டும்தான் தொடும். சின்னக் குழாயில் சின்னக் கட்டி என்றால் போதும். கழுத்திலிருந்து மூளைக்குள் ஏறும் பெரிய தமனியிலோ, அதன் முக்கியக் கிளையான நடு மூளைத் தமனியின் தொடக்கத்திலோ நீளமான கட்டி உட்கார்ந்துவிட்டால் கரைவது அபூர்வம். 2011ல் ஜெர்மன் குழு ஒன்று கட்டிகளின் நீளத்தை ஸ்கேனில் அளந்து பார்த்தது. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளம் போன கட்டிகள் ஊசிக்கு ஏறத்தாழ மசியவேயில்லை. எட்டு மில்லிமீட்டர் என்பது ஒரு சட்டைப் பொத்தானின் குறுக்களவுகூட இல்லை. ஆனால் மூளையின் பாதிப் பக்கத்தை முடக்க அது போதும்.

கரையாததை இழுத்து எடுக்கலாமே என்ற யோசனை இங்கேதான் பிறந்தது. 1999ல் கட்டி இருக்கும் இடத்துக்கே குழாயைக் கொண்டுபோய் அங்கே மருந்து விட்டுப் பார்த்தார்கள். ஓரளவு பலன் இருந்தது. 2004ல் அமெரிக்கா அனுமதித்த மெர்சி என்ற கருவி, பாட்டில் மூடி திறக்கும் திருகுக் கம்பி மாதிரியே இருக்கும். கட்டிக்குள் திருகி இழுப்பார்கள். சில சமயம் வரும், சில சமயம் வராது, சில சமயம் கட்டி உடைந்து இன்னும் உள்ளே போய்விடும். உண்மையான திருப்பம் கொஞ்சம் தற்செயலாக வந்தது. சாலிடேர் என்பது ரத்தக் குழாய் வீக்கங்களுக்குச் சிகிச்சை தரும்போது தாங்குவதற்காகச் செய்த சல்லடைக் கம்பிக் குழல், அதாவது ஸ்டென்ட். விரித்தபின் தேவையென்றால் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். 2008ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஹான்ஸ் ஹெங்கஸ் இதைக் கட்டிக்குள் விரித்து, கட்டியோடு சேர்த்து வெளியே இழுத்தார். அதுதான் இன்றைய ஸ்டென்ட் ரிட்ரீவர்.

சரி, நல்ல கருவி கையில் வந்த பிறகும் 2013ல் ஏன் தோற்றது? முதல் காரணம், அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் புதிய கருவி இல்லை. பழைய கருவிகளும், குழாய் வழியாக மருந்து விடுவதும்தான். இரண்டாவது, தாமதம். சிந்தசிஸ் ஆய்வில் ஊசிக் குழுவுக்கு மருந்து தொடங்கியதைவிடக் குழாய்க் குழுவுக்குச் சிகிச்சை தொடங்கியது சராசரியாக ஒரு மணி நேரம் பிந்தி. மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூளையின் பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமலேயே பலரை ஆய்வில் சேர்த்திருந்தார்கள். ஐ.எம்.எஸ். 3ன் தொடக்கத்தில் ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ கட்டாயமில்லை, பக்கவாதத்தின் தீவிரத்தை வைத்து ஊகித்தார்கள். சிந்தசிஸ் ஆய்விலும் அப்படியே. எடுப்பதற்குக் கட்டியே இல்லாதவரிடம் கட்டி எடுக்கும் சிகிச்சையைச் சோதித்துவிட்டு, பலன் இல்லை என்று எழுதினால் அது சிகிச்சையின் தோல்வியா? கேள்வியே தப்பாகக் கேட்கப்பட்டிருந்தது.

நெதர்லாந்து அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டது. அங்கே அரசு ஒரு நல்ல நிபந்தனை போட்டது: இந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் வேண்டுமென்றால் நோயாளியை ஆய்வில் சேர்த்தாக வேண்டும். நிரூபணம் இல்லாத விலையுயர்ந்த சிகிச்சையை ஆளாளுக்கு இஷ்டப்படி செய்வதற்குப் பதிலாக, செய்வதென்றால் கணக்கோடு செய் என்றார்கள். அதனால் நாட்டின் 16 மருத்துவமனைகளில் 500 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் பெரிய குழாயில் அடைப்பு இருப்பது படத்தில் உறுதியாகியிருந்தது. குழாய்க் குழுவில் பத்தில் எட்டுப் பேருக்குப் புதிய ஸ்டென்ட் ரிட்ரீவர். எம்.ஆர். கிளீன் என்ற அந்த ஆய்வின் முடிவு 2014 அக்டோபரில் இஸ்தான்புல்லில் அறிவிக்கப்பட்டது. தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் குழாய்க் குழுவில் 32.6 சதவீதம், மற்றதில் 19.1 சதவீதம்.

உலகின் மற்ற இடங்களில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் உடனே நின்று, தம் இடைக்காலக் கணக்கைப் பிரித்துப் பார்த்தன. எல்லாவற்றிலும் அதே கதை. கனடாவின் கால்கரியிலிருந்து மயங்க் கோயலும் மைக்கேல் ஹில்லும் நடத்திய எஸ்கேப் ஆய்வில் அப்படித் தேறியவர்கள் 53 சதவீதத்துக்கு 29.3 சதவீதம், இறப்பும் 19லிருந்து 10.4 சதவீதமாக இறங்கியது. ஆஸ்திரேலியாவில் வெறும் 70 பேரிலேயே வித்தியாசம் துல்லியமாகத் தெரிந்தது. ஐந்து ஆய்வுகளின் 1,287 பேரையும் ஒன்றாக அலசிய 2016ம் ஆண்டுக் கட்டுரை ஒரு கணக்குச் சொன்னது: ஊனத்தை ஒரு படியாவது குறைக்க, இந்தச் சிகிச்சையை சராசரியாக 2.6 பேருக்குச் செய்தால் போதும். மருத்துவத்தில் இப்படி ஒரு எண் எளிதில் கிடைக்காது.

இதில் தலைப்புச் செய்திகள் விட்டுவிட்ட ஒரு விஷயம் உண்டு. எம்.ஆர். கிளீனில் இரு குழுவிலும் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு ஊசி முதலிலேயே போடப்பட்டிருந்தது. மற்ற ஆய்வுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக, "ஊசியைவிடக் குழாய் மேல்" என்று அந்த ஆய்வுகள் சொல்லவேயில்லை. ஊசி மட்டும் போடுவதைவிட ஊசியோடு குழாயும் சேர்ந்தால் மேல், அதுவும் பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் மட்டும் என்பதுதான் அவை சொன்னது. இரண்டும் எதிரெதிர் அணி இல்லை.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தொடை இடுக்கில், சில சமயம் மணிக்கட்டில், தமனிக்குள் ஒரு குழாய் ஏறும். மயக்க மருந்து முழுதாகவோ, லேசான தூக்கமாகவோ இருக்கலாம். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே குழாய் மகாதமனியைக் கடந்து கழுத்துத் தமனிக்குள் போகும். வயதானவர்களுக்கு மகாதமனி வளைந்து நெளிந்திருக்கும். அந்த ஒரு திருப்பத்தைக் கடக்கவே சில நேரம் இருபது நிமிடம் போய்விடும். அங்கிருந்து இன்னும் மெல்லிய குழாய் மூளைக்குள் ஏறி, கம்பியின் வழிகாட்டலில் கட்டியைத் துளைத்து அதற்கு அப்பால் போய் நிற்கும். அதன் வழியாக ஸ்டென்ட் விரியும். சல்லடைக் கண்களுக்குள் கட்டி பதிய வேண்டும் என்பதற்காகச் சில நிமிடம் அப்படியே விட்டுவிடுவார்கள். அறையில் எல்லோரும் கடிகாரம் பார்க்கும் நேரம் அது. அப்புறம், முதலில் ஏற்றிய பெரிய குழாயில் உறிஞ்சலைப் போட்டபடி, மெதுவாக ஒரே சீராகப் பின்னுக்கு இழுப்பார்கள். வெளியே வந்ததும் ஸ்டென்ட்டைத் துணியில் வைத்துப் பார்த்தால் கருஞ்சிவப்பாக, சில சமயம் வெளிறிய ஒரு புழு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும். அவ்வளவு சின்னப் பொருள்.

அடுத்து மறுபடி சாயம் விட்டுப் படம். வெறுமையாகக் கிடந்த பகுதியில் கிளை கிளையாகக் குழாய்கள் நிரம்பினால் முதல் முயற்சியிலேயே வெற்றி. இந்த முதல் முயற்சி வெற்றிக்குத் தனி மதிப்பு உண்டு. முயற்சிகள் கூடக் கூட பலன் தேய்கிறது, ரத்தக் குழாய் கிழியும் அபாயம் ஏறுகிறது. ஸ்டென்ட்டுக்குப் பதிலாகப் பெரிய விட்டமுள்ள குழாயைக் கட்டியின் வாயில் வைத்து உறிஞ்சியே எடுக்கும் முறையும் இருக்கிறது; 2019ல் வந்த காம்பஸ் ஆய்வு அது ஸ்டென்ட் முறைக்குச் சளைத்ததில்லை என்று காட்டியது. தீங்கும் இல்லாமலில்லை. எம்.ஆர். கிளீனிலேயே குழாய்க் குழுவில் 5.6 சதவீதம் பேருக்குக் கட்டியின் துணுக்கு வேறு குழாய்க்குப் போய்ப் புதிய பக்கவாதம் வந்தது. மற்றக் குழுவில் அது அரை சதவீதம்கூட இல்லை.

ஊசிக்கு நாலரை மணி, குழாய்க்கு ஆறு மணி என்று இருந்த கடிகாரக் கணக்கை 2018 உடைத்தது. அது புரிய மூளையின் நீர்ப்பாசனம் தெரிய வேண்டும். வாய்க்கால் அடைபட்டதும் எல்லா வயலும் ஒரே நேரத்தில் காய்வதில்லை. அடைப்புக்கு நேர் கீழே உள்ளது உடனே கருகும். கடைமடை வயல்களில் சில, பக்கத்து வாய்க்காலின் கசிவில் காய்ந்தும் காயாமலும் நிற்கும். மூளையிலும் அப்படித்தான். நடுவே செத்துப்போன பகுதி, சுற்றி மயங்கிக் கிடந்தாலும் உயிரோடிருக்கும் பகுதி. பக்கத்துக் குழாய்களின் உதவி யாருக்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், இன்னொருவருக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் காப்பாற்ற நிறைய மிச்சமிருக்கும்.

பக்கவாதம் தொடங்கி ஆறு மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை ஆனவர்களில், ஸ்கேனில் இந்த மிச்சம் தெரிபவர்களை மட்டும் சேர்த்தது டான் ஆய்வு. 206 பேர். தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் குழாய்க் குழுவில் 49 சதவீதம், மருந்துக் குழுவில் 13 சதவீதம். அதே ஆண்டு டிஃப்யூஸ் 3 என்ற இன்னொரு ஆய்வு, 16 மணி நேரம் வரை, 45க்கு 17 என்று அதையே சொன்னது. டானில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இரவு நன்றாகப் படுத்து, காலையில் கை கால் விழுந்த நிலையில் எழுந்தவர்கள். எப்போது தொடங்கியது என்றே தெரியாத இவர்களுக்கு அதுவரை சொல்லப்பட்ட பதில், "நேரம் தாண்டிருச்சு" என்பதுதான்.

இதைக் கேட்டுவிட்டு, 24 மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாக இருந்துவிடக் கூடாது. டானில் சேர்ந்தவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். தாமதமாக வந்து, பார்க்க மிச்சமில்லாமல் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. பெரிய குழாய் அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டார். வீட்டில் புறா ரத்தம் தேய்த்துப் பார்க்கும் ஒரு மணி நேரத்தில் அது பதினொரு கோடியைத் தாண்டும்.

ஊசி பெரிய கட்டியைக் கரைப்பது அபூர்வம் என்றால், நேராகக் குழாய்க்கே போய்விடலாமே என்று தோன்றும். சீனா, ஜப்பான், ஐரோப்பா, ஆஸ்திரேலியா என ஆறு ஆய்வுகள் இதைத்தான் சோதித்தன. ஆறின் 2,313 நோயாளிகளையும் சேர்த்து 2023ல் வெளியான ஐரிஸ் அலசல், ஊசியைத் தவிர்ப்பது போட்டதற்குச் சமம் என்று நிரூபிக்க முடியவில்லை என்று முடித்தது. அடுத்த ஆண்டு அதே தரவை நேரப்படி பிரித்தார்கள். தொடங்கி இரண்டு மணி இருபது நிமிடத்துக்குள் ஊசி போட்டவர்களுக்கு அதனால் கூடுதல் பலன். அதற்குப் பிறகு அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. 2025ல் சீனாவின் பிரிட்ஜ் டி.என்.கே. ஆய்வு, டெனெக்டெப்ளேஸ் என்ற புதிய ஊசியைப் போட்டுவிட்டுக் குழாய்க்குப் போனால் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருபவர்கள் 52.9 சதவீதம், போடாமல் போனால் 44.1 சதவீதம் என்று காட்டியது. ஆக ஊசிக்கு ஓய்வு கிடையாது. கட்டி முழுதும் கரையாவிட்டாலும், இழுக்கும்போது உடைந்து சிதறும் பொடிகளை, குழாய் எட்டாத நுனிக் கிளைகளில் அது கவனித்துக்கொள்ளும் என்பது ஒரு விளக்கம்.

குழாய்ச் சிகிச்சையின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் இப்போது தெரிய ஆரம்பித்திருக்கிறது. பெரிய ரத்தக் குழாயில் வென்றதும், நடுத்தர, சிறிய கிளைகளிலும் கட்டியை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கருவிகளும் மெலிந்துகொண்டே வந்தன. கேட்கவே நியாயமாகத்தான் இருந்தது. 2025ல் எஸ்கேப் மீவோ, டிஸ்டல் என்று இரண்டு ஆய்வுகள் வந்தன. தலா ஐநூற்றுச் சொச்சம் பேர். இரண்டிலும் பலன் இல்லை. எஸ்கேப் மீவோவில் குழாய்க் குழுவில் இறப்பு 13.3 சதவீதம், மருந்துக் குழுவில் 8.4. மெல்லிய குழாய்ச் சுவரில் கம்பியை இழுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. 2015ல் வெற்றிக்கொடி நட்ட அதே கால்கரி அணிதான் இந்த ஆய்வையும் நடத்தி, பலன் இல்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டது. அந்த நேர்மையை நான் பாராட்டுகிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே கருகிவிட்டது, இனி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று முன்பு விட்டுவிட்டவர்களிடம் 2022ல் ஜப்பானில் செய்து பார்த்தார்கள். பிறர் பிடிக்காமல் நடக்கும் நிலைக்காவது வந்தவர்கள் 31 சதவீதம், மருந்துக் குழுவில் 12.7 சதவீதம். மூளைக்குள் ஏதாவது கசிவு தெரிந்தவர்களும் குழாய்க் குழுவில் மிக அதிகம் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். மூளைத் தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலர் தமனியின் அடைப்பு எல்லாவற்றிலும் கொடூரமானது. அங்கே முன்பு நடந்த ஆய்வுகள் குழம்பிப்போயிருந்தன. 2022ல் சீனாவின் அட்டென்ஷன் ஆய்வு அதைத் தெளிவாக்கியது: இறப்பு 55லிருந்து 37 சதவீதமாக இறங்கியது.

நெடுநாள் சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் மூளையின் ஆழத்தில் நூலிழைக் குழாய்கள் அடைபடும் சிறுவகைப் பக்கவாதங்களுக்குக் குழாய் வழி இல்லவே இல்லை. அங்கே கம்பி நுழையாது. நேரத்தில் வந்தால் ஊசி, இல்லையென்றால் மாத்திரைகள், உடற்பயிற்சிச் சிகிச்சை. நம் ஊரில் இந்த வகை கணிசம். ஆகவே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயும் கம்பி விட்டு எடுக்கவில்லையே" என்று குறைபட்டுக்கொள்ளும் குடும்பங்களுக்கு, எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம் என்பது பல சமயம் பதில்.

அப்படியானால் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி "ஊசியா, ஆபரேஷனா?" இல்லை. "பெரிய குழாயில் அடைப்பு இருக்கிறதா, ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தீர்களா?" என்பதுதான். மருத்துவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? "காலையில ஆறு மணிக்கு எழுந்தப்ப இப்படி இருந்தார்" என்பது போதாது. ராத்திரி பாத்ரூம் போனபோது யாராவது பார்த்தார்களா, எத்தனை மணி? ரத்தம் உறையாமலிருக்க என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அட்டையைக் கையோடு எடுத்துப் போனால் பத்து நிமிடம் மிச்சம்.

கட்டி எடுக்கும் வசதி பெரிய நகரங்களில் சில மருத்துவமனைகளில்தான். தனியாரில் செலவு லட்சங்களில் போகும். தமிழ்நாட்டில் அரசின் அவசரச் சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ. விபத்து, மாரடைப்போடு பக்கவாதத்தையும் சேர்த்துக் கவனிக்கிறது. இருந்தாலும் ஊசி போடுமிடம் பக்கத்தில், கட்டி எடுக்குமிடம் தொலைவில் என்பதே பல மாவட்டங்களின் நிலைமை. 108ல் ஏறியதும் எந்தப் பக்கம் திரும்புவது? ஸ்பெயினின் கேட்டலோனியா இந்தக் கேள்வியையே ஆய்வாக நடத்தியது. ரேஸ்கேட் என்று பெயர். பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகம் வந்தவர்களில் ஒரு பாதியைப் பக்கத்து ஊசி மையத்துக்கும், மறு பாதியை நேராகத் தொலைவிலுள்ள பெரிய மையத்துக்கும் அனுப்பினார்கள். 2022ல் வந்த முடிவில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அங்கே ஊசி மையங்கள் சுறுசுறுப்பானவை, மாற்றி அனுப்பும் ஏற்பாடும் பழகிப்போனது என்பதை மறந்துவிட்டு இதை நம் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

தூரம் அதிகமுள்ள இடங்களுக்கு உண்மையில் உதவப்போவது டெனெக்டெப்ளேஸ்தான் என்று நினைக்கிறேன். ஆல்டெப்ளேஸையே கொஞ்சம் மாற்றிச் செய்தது. ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும், ஃபைப்ரினை இன்னும் குறிவைத்துப் பிடிக்கும். சர்வதேச ஆய்வுகளில் பயன்பட்ட அளவு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 15 மில்லிகிராம், சில விநாடிகளில் ஒரே தள்ளு. பம்ப் வேண்டாம், ஒரு மணி நேரச் சொட்டு வேண்டாம். 2022ல் கனடாவின் ஆக்ட் ஆய்வு இது பழைய ஊசிக்குச் சளைத்ததில்லை என்று சுமார் 1,600 பேரில் காட்டியது. 2025 மார்ச்சில் அமெரிக்கா பக்கவாதத்துக்கு அனுமதித்தது. இந்தியாவுக்கு இது புதிதே இல்லை. புனேயின் ஜெனோவா நிறுவனம் பல ஆண்டுகளாகவே தயாரிக்கிறது, நம் மருத்துவமனைகளில் புழக்கத்திலும் இருக்கிறது.

சீனாவின் ட்ரேஸ் 3 ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பெரிய குழாயில் அடைப்பு, நாலரை மணி தாண்டிவிட்டது, 24 மணிக்குள் இருக்கிறார், ஸ்கேனில் மிச்சம் தெரிகிறது, ஆனால் கட்டி எடுக்க வழியில்லை. இப்படிப்பட்ட 516 பேரில் டெனெக்டெப்ளேஸ் போட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய முழுதாகத் தேறியவர்கள் 33 சதவீதம், போடாதவர்களில் 24.2 சதவீதம். மூளைக்குள் கசிவு கொஞ்சம் கூடியது. குழாய்ச் சிகிச்சை தரும் பலனுக்கு இது ஈடாகாது. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் சி.டி.யும் இந்த ஊசியும் இருந்தால், ஊசியைப் போட்டுவிட்டு, ஆஞ்சியோ படங்களைப் பெரிய மையத்துக்கு அனுப்பிவிட்டு, பம்ப்பும் வயரும் இல்லாமல் அதே ஆம்புலன்ஸில் நோயாளியை ஏற்றி அனுப்பலாம். போய்ச் சேரும்போது அங்கே சிகிச்சை அறை தயாராக இருக்கும்.